ராத்திரியில் போன் போட்ட பொட்டிகள்: யூஸ்நெட்டும் தமிழும்

தமிழ் இணைய வரலாறுன்னு யாராவது எழுத உட்கார்ந்தால் பெரும்பாலும் 2003ல் ஆரம்பிப்பாங்க. வலைப்பதிவு, யூனிகோட், திரட்டி. கொஞ்சம் மூத்த கை எழுதினால் மரத்தடி, ராயர் காப்பி கிளப்னு யாஹூ குழுமங்கள் வரைக்கும் போவார். இன்னும் கொஞ்சம் கொசுவத்தி சுத்தச் சொன்னால் தமிழ்.நெட், முரசு அஞ்சல், 1998 பொங்கலன்று தொடங்கின மதுரைத் திட்டம். அதோட வண்டி நின்னுடும்.

அதுக்கும் முன்னாடி ஒரு கூட்டம் இருந்தது மக்களே. சாக்.கல்ச்சர்.தமிழ் என்கிற யூஸ்நெட் செய்திக் குழுமம். அங்கே சண்டை போட்டவங்க, பாட்டு வரி கேட்டவங்க, அமெரிக்காவில் புளி எங்கே கிடைக்கும்னு விசாரிச்சவங்க பத்தியாவது அங்கங்கே ரெண்டு வரி எழுதப்பட்டிருக்கு. அந்தக் கடிதங்களை ஊர் ஊராகச் சுமந்த பொட்டிகளைப் பத்தியும், அந்தப் பொட்டிகளில் ஓடின மென்பொருளைப் பத்தியும் தமிழில் யாரும் எழுதி நான் படிச்சதில்லை. அதனால இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், காப்பி எடுத்துக்கிட்டு வந்துடுங்க.

முதலில் யூஸ்நெட்டில் 'சர்வர்' என்கிற வார்த்தையை இன்னிக்கு நாம புரிஞ்சுக்கிற மாதிரி புரிஞ்சுக்கக் கூடாது. இன்னிக்கு ஒரு தளம்னா அது ஒரு கம்பெனிகிட்ட இருக்கும், நாம எல்லாரும் அங்கே போய்ப் படிப்போம். யூஸ்நெட்டில் நடுவில் யாருமே கிடையாது. ஒவ்வொரு கல்லூரியும் கம்பெனியும் தன்கிட்ட ஒரு யூனிக்ஸ் பொட்டியில் எல்லாக் கடிதங்களோட ஒரு முழுப் பிரதி வச்சிருக்கும். நான் எங்க பொட்டியில் ஒரு கடிதம் போட்டால், அது பக்கத்துப் பொட்டிக்குப் போகும், அங்கேயிருந்து அதுக்குப் பக்கத்துப் பொட்டிக்கு. எங்க பக்கம் மரக்காணத்து உப்பளத்தைப் பார்த்தவங்களுக்கு இது சட்டுனு புரியும். முதல் பாத்தியில் தண்ணியை விட்டா வரப்பை வெட்டி அடுத்த பாத்திக்கு, அங்கேயிருந்து அதுக்கடுத்ததுக்கு. எந்தப் பாத்திக்கும் கடல் நேரா வந்து ஊத்தறதில்லை.

1979 கடைசியில் அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்து மாணவர்கள் டாம் ட்ரஸ்காட், ஜிம் எல்லிஸ் ரெண்டு பேரும் யோசிச்சது இது. பக்கத்தில் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் படிச்சிட்டிருந்த ஸ்டீவ் பெல்லோவின் முதல் வடிவத்தை ஒரு ஷெல் ஸ்கிரிப்டாக எழுதிக் காட்டினார். அப்போ ராணுவப் பணத்தில் ஓடின அர்ப்பாநெட்டில் சேரணும்னா அதுக்குரிய அந்தஸ்து வேணும். அது இல்லாத கல்லூரிகளுக்கு யூனிக்ஸ் ஏழாம் பதிப்போட இலவசமா வந்த யூயூசிபி இருந்தது. ஒரு பொட்டி மோடம் மூலமா இன்னொரு பொட்டிக்குப் போன் போட்டுக் கோப்புகளைக் கொடுத்து வாங்கும், அவ்வளவுதான். 'ஏழைகளின் அர்ப்பாநெட்'னு அவங்களே சொல்லிக்கிட்டாங்க. ராத்திரி போன் கட்டணம் குறைவு என்பதால் ராத்திரியில் தான் பொட்டிகள் பேசிக்கும். தானா எண் சுத்தற கருவி எந்தப் பொட்டியில் இருக்கோ அது மத்ததையெல்லாம் கூப்பிடும். பின்னாடி பெல் ஆய்வகம், டெக் மாதிரி பெரிய கம்பெனிகளோட பொட்டிகள் இந்தப் போன் செலவில் பெரும்பகுதியைச் சத்தமில்லாம சுமந்தது. ஒரு நாளைக்கு ஒண்ணு ரெண்டு கடிதம் வந்தா அதிகம்னு கணக்குப் போட்டு ஆரம்பிச்சாங்களாம் :-)

அந்த ஷெல் ஸ்கிரிப்ட் ரொம்ப மெதுவா ஓடினதால் ஸ்டீபன் டேனியல் அதை சி மொழியில் எழுதினார். 1980ல் வெளியே வந்த இதுக்குப் பேர் ஏ நியூஸ். அடுத்து 1981ல் பெர்க்லியில் மார்க் ஹார்டன் என்ற ஆராய்ச்சி மாணவரும் மேட் கிளிக்மேன் என்ற பள்ளிக்கூடப் பையனும் சேர்ந்து எழுதினது பி நியூஸ். பள்ளிக்கூடப் பையன்! நாம அந்த வயசில் என்ன பண்ணிட்டிருந்தோம்னு யோசிக்காம மேலே போயிடுவோம்.

பி நியூஸ்ல ஒரு சிக்கல். வர்ற ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு புது ப்ராசஸ் கிளம்பும், 'ஆக்டிவ்' என்கிற குழுமப் பட்டியல் கோப்பைத் திறக்கும், படிக்கும், எண்ணை ஏத்தும், மூடும். கடிதம் பத்து நூறு வந்தப்போ பரவாயில்லை, ஆயிரக்கணக்கில் வர ஆரம்பிச்சதும் பொட்டி மூச்சு வாங்க ஆரம்பிச்சது. கனடாவின் டொரோண்டோ பல்கலைக்கழகத்தில் ஜியாஃப் காலியரும் ஹென்றி ஸ்பென்சரும் 1987ல் கொண்டுவந்த சி நியூஸ் இதை மாத்தினது. மொத்தமா கட்டி வச்சு ஒரே மூச்சில் ஆயிரம் கடிதத்தைத் தீர்க்கிற வழி. ஹென்றி ஸ்பென்சர் வேலை பார்த்தது அங்கே விலங்கியல் துறையில், கம்ப்யூட்டர் ஆளாக. இந்த விலங்கியல் துறையை மனசில் வச்சுக்கங்க, கடைசியில் திரும்ப வரும்.

இதுக்கு நடுவில் 1986 பிப்ரவரியில் பிரையன் கேன்டரும் ஃபில் லாப்ஸ்லியும் என்என்டிபி என்ற நெறிமுறையை வெளியிட்டாங்க. ராத்திரி போன் வேண்டாம், டிசிபி இணைப்பில் 119ம் கதவு வழியா நாள் முழுக்க கடிதம் ஓடலாம். ஆனா இருந்த மென்பொருள்கள் எல்லாம் ராத்திரி மூட்டைக்காக எழுதப்பட்டவை. விடிய விடிய ஒண்ணொண்ணா சொட்டுற கடிதத்தை அவைகளால் சமாளிக்க முடியலை. 1992ல் ரிச் சால்ஸ் வெளியிட்ட ஐஎன்என் தான் இதுக்கு விடை. இன்டர்நெட் நியூஸ் என்பதன் சுருக்கம். ஒரே ஒரு டீமன், பேர் இன்டி. அது தூங்கவே தூங்காது. ஆக்டிவ் பட்டியலை நினைவகத்திலேயே வச்சிருக்கும். பத்து இருபது பக்கத்துப் பொட்டிகளோட ஒரே நேரத்தில் பேசும். வந்த கடிதத்தை அந்த நொடியே மத்தவங்களுக்குத் தள்ளும். படிக்க வர்ற ஆளுங்களை அது தொடவே தொடாது, அவங்களுக்கு என்என்ஆர்பிடி என்று தனி ப்ராசஸ். கடையில் சரக்கு இறக்குற வாசலும் கஸ்டமர் வாசலும் வேற வேற என்கிற மாதிரி. அந்த வடிவமைப்பு முப்பது வருஷம் தாண்டியும் அப்படியே இருக்கு. 2.7 பதிப்பு 2022ல் வந்தது.

சரி, இத்தனை ஆயிரம் பொட்டி ஒண்ணுக்கொண்ணு தள்ளிக்கிட்டா ஒரே கடிதம் சுத்திச் சுத்தி வராதா? இதுதான் எனக்கு யூஸ்நெட்டில் ரொம்பப் பிடிச்ச இடம். ஒவ்வொரு கடிதத்துக்கும் உலகத்திலேயே ஒண்ணே ஒண்ணான ஒரு அடையாள எண் உண்டு, மெசேஜ்-ஐடி. ஒரு பொட்டி இன்னொண்ணுகிட்ட 'ஐஹேவ்', அதாவது என்கிட்ட இந்த ஐடி இருக்கு, வேணுமான்னு கேட்கும். அந்தப் பக்கம் தன் ஹிஸ்டரி கோப்பைப் பார்க்கும். இல்லைன்னா 335, அனுப்பு. ஏற்கெனவே இருந்தா 435, வேணாம். வந்து சேர்ந்தா 235, கிடைச்சது, நன்றி. பத்து வரி உரையாடல். அதோட ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் 'பாத்' என்று ஒரு வரி இருக்கும். அது எந்தெந்தப் பொட்டி வழியா வந்ததுன்னு ஆச்சரியக்குறி போட்டுப் போட்டு எழுதியிருக்கும். தன் பேர் அதில் இருக்கிற பொட்டிக்குத் திரும்ப அனுப்ப மாட்டாங்க. இந்த ரெண்டே விதியில் கண்டம் விட்டுக் கண்டம் ஓடின ஒரு அமைப்பு. தலைமை அலுவலகம் கிடையாது, ஓனர் கிடையாது.

இனி நம்ம ஊருக்கு வருவோம். இந்தியாவில் எர்னெட் திட்டம் 1986ல், மத்திய அரசின் மின்னணுத் துறையும் ஐநா வளர்ச்சித் திட்டத்தின் பணமும் சேர்ந்து தொடங்கினது. எட்டு இடங்கள்: பெங்களூர் ஐஐஎஸ்சி, டெல்லி, பம்பாய், மெட்ராஸ், கான்பூர், கரக்பூர் ஐஐடிகள், பம்பாயில் என்சிஎஸ்டி, அப்புறம் அந்தத் துறையே. ஆரம்பத்தில் இங்கேயும் அதே டயல்-அப், அதே யூயூசிபி. என்சிஎஸ்டியின் தலைவர் ஸ்ரீனிவாசன் ரமணி இதில் முக்கியமான ஆள். 2014ல் இன்டர்நெட் ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பேரைச் சேர்த்தாங்க. வெளிநாட்டு வாசல் என்சிஎஸ்டியில் இருந்தது. அது அமெரிக்காவின் யூயூநெட்டோட 1989ல் பேச ஆரம்பிச்சது. அந்த யூயூநெட்டே ரிக் ஆடம்ஸ் 1987ல் யூஸ்நெட்டையும் மெயிலையும் சுமக்கறதுக்குன்னே தொடங்கினது தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. நொடிக்கு 9600 பிட் ஓடுற கம்பி. ஒரு நிமிஷம் கூட ஓய்வில்லாம, ஒரு பிட் கூட வீணாகாம ஓடினா ஒரு நாளைக்கு சுமார் பத்துக் கோடி பைட்டு. நூறு எம்பி. இன்னிக்கு ஒரு கல்யாண வீடியோவோட முதல் அஞ்சு நிமிஷம். அதில் முதல் உரிமை மெயிலுக்கு. செய்திக் குழுமத்துக்கு மிச்சம் மீதி. எல்லாக் குழுமங்களையும் இழுக்க வழியே இல்லை. அதனால எந்தக் குழுமம் நம்ம பொட்டிக்கு வேணும், எது வேண்டாம்னு நிர்வாகி ஒருத்தர் முடிவு பண்ணணும். ஐஎன்என்ல 'நியூஸ்ஃபீட்ஸ்'னு ஒரு கோப்பு. 'காம்ப்' என்கிற கணினிக் கிளை முழுசா அனுப்பு, 'ஆல்ட்' கிளையில் படம் வர்ற குழுமங்களை வெட்டு, 'சாக்' வேணாம்னு ஒரு வரியில் எழுதிடலாம். அந்த ஒரு வரியில் ஒரு கல்லூரிக்கே தமிழ்க் குழுமம் தெரியுமா தெரியாதான்னு தீர்மானமாயிடும். மைய அதிகாரம் இல்லாத அமைப்புன்னு மேலே பீத்திக்கிட்டேன் இல்லையா, அதோட இன்னொரு பக்கம் இது.

பொதுஜனத்துக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15, விஎஸ்என்எல் மூலமா. முதல் நாளே சேவை கிடைச்ச நாலு நகரத்தில் மெட்ராஸும் ஒண்ணு. தனிநபருக்கு வெறும் எழுத்து மட்டும் தெரியற ஷெல் கணக்கு வருஷத்துக்கு 5,000 ரூபாய். படம் தெரியற டிசிபி/ஐபி கணக்கு 15,000. அந்தக் காலத்துச் சம்பளத்தை நினைச்சுக்கங்க. ஆக, சாக்.கல்ச்சர்.தமிழ் என்பது பேரில் தமிழ் இருந்தாலும் அதில் எழுதினவங்க பெரும்பாலும் அமெரிக்கா, கனடா, ஐரோப்பா, சிங்கப்பூர் பல்கலைக்கழகங்களில் இலவசமா யூனிக்ஸ் கணக்கு கிடைச்ச மாணவர்களும் கம்ப்யூட்டர்காரங்களும் தான். தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் உட்கார்ந்து எழுத முடிஞ்சவங்க கைவிரல் எண்ணிக்கை. நாட்டை விட்டு வந்தவங்க நாட்டைப் பத்திப் பேசின இடம். இலங்கைப் போர் பத்தின விவாதம் இங்கேயும் சாக்.கல்ச்சர்.ஸ்ரீலங்காவிலும் மாறி மாறி எரிஞ்சது.

இந்த மாதிரி ஒரு குழுமம் சும்மா வந்துடாது. பெரிய கிளைகளில் புதுக் குழுமம் வேணும்னா முதலில் விவாதம், அப்புறம் மின்னஞ்சல் ஓட்டெடுப்பு. வேணும்னு சொன்னவங்க வேணாம்னவங்களை விட நூறு ஓட்டாவது அதிகம் இருக்கணும், மொத்தத்தில் மூணில் ரெண்டு பங்கும் இருக்கணும். ஜெயிச்சதும் 'நியூகுரூப்' என்று ஒரு கட்டளைக் கடிதம் எல்லாப் பொட்டிக்கும் பறக்கும். அதை ஏத்துக்கறதா வேணாமா என்பது மறுபடியும் அந்தந்த நிர்வாகி இஷ்டம்.

அடுத்த சிக்கல் எழுத்து. தமிழை எப்படி எழுதறது? மென்பொருளும் நெறிமுறையும் ஏழு பிட் ஆஸ்கியை மனசில் வச்சு எழுதப்பட்டவை. ரஷ்யாக்காரங்க இதுக்கு ஒரு அழகான தந்திரம் வச்சிருந்தாங்க. கோய்-8 என்ற அவங்க குறியீட்டில் எட்டாவது பிட்டை எந்தப் பொட்டியாவது வெட்டித் தொலைச்சாலும் மிஞ்சறது ஆங்கில எழுத்தில் ரஷ்ய உச்சரிப்பாகவே இருக்கும். ஜப்பான்காரங்க தங்கள் கிளையில் ஏழு பிட்டுக்குள்ளேயே அடங்குற குறியீட்டை எல்லாரும் ஒரே மாதிரி பயன்படுத்தினாங்க. நாம? ஆளுக்கு ஒரு எழுத்துரு :-( கனடாவில் ஸ்ரீனிவாசன் எழுதின ஆதமி, செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பாலா சுவாமிநாதன் உருவாக்கின மதுரை, சுவிட்சர்லாந்தில் கல்யாணசுந்தரம் கொடுத்த மயிலை. எல்லாம் இலவசம், எல்லாம் சொந்த நேரத்தில் செஞ்ச உழைப்பு. ஆனா ஒண்ணில் எழுதினது இன்னொண்ணில் தெரியாது. அதனால பொதுவில் எல்லாரும் ஆங்கில எழுத்தில் தான் தமிழை எழுதினாங்க. அதில் பல்லும் பாலும் ஒண்ணாத் தெரியும், கலையும் களையும் கழையும் ஒண்ணாத் தெரியும். பெரிய எழுத்து போட்டா ள, கடைசி எழுத்து போட்டா ழ என்று தங்களுக்குள்ளே ஒரு ஒப்பந்தம் வளர்ந்தது. இன்னிக்கு நம்மில் பலர் ரோமனில் தட்டித் தமிழ் வரவைக்கிறோமே, அதில் எந்தச் சாவிக்கு எந்த எழுத்து என்கிற பழக்கத்தில் பாதி அந்தக் கூட்டத்தோட பழக்கம் தான்.

இந்த எழுத்துருச் சண்டையைத் தீர்க்கத் தான் பிறகு 1997 சிங்கப்பூர் மாநாடும், 1999 பிப்ரவரியில் சென்னை தமிழ்நெட் 99 மாநாடும், டிஸ்கியும் டாம்-டாப்பும் வந்தது. (நம்ம பதிவுக் கடைசியில் போடுற டிஸ்கி வேற, இந்த டிஸ்கி வேற.) அது தனிக் கதை, பலர் எழுதிட்டாங்க.

இப்போ எங்க ஊர்ல நடந்த கூத்து. ஊர் பெருமுக்கல். திண்டிவனத்தில் இருந்து மரக்காணம் போற வழி. மலை, மேலே சிவன் கோவில், சோழர் காலக் கல்வெட்டு, குகையில் அதுக்கெல்லாம் ரொம்ப ரொம்ப முந்தைய பாறைக் கீறல்கள். 1760ல் அயர் கூட் என்கிற ஆங்கிலேயத் தளபதி பிரெஞ்சுக்காரங்ககிட்ட இருந்து இந்தக் கோட்டையைப் பிடிச்சப்போ முட்டியில் அடி வாங்கினார். அவங்க வாயில் ஊர் பேர் 'பெர்மாகாயில்' ஆயிடுச்சு. அந்தச் செய்தி கப்பல் ஏறி லண்டன் போய்ச் சேர மாதக்கணக்கு. அதுவும் கையில் வச்சிருந்து அடுத்த கைக்கு மாத்துற யூயூசிபி தான், வேகம் தான் கொஞ்சம் கம்மி.

வீட்டில் சும்மா கிடந்த ஒரு பழைய பொட்டியில் டெபியன் போட்டு, இத்தனை பேசறோமே, ஓட்டித்தான் பார்ப்போம்னு ஐஎன்என் நிறுவினேன். ஒரே கட்டளையில் நிறுவல் முடிஞ்சுடுது. அப்புறம் தான் வேலை. 'நியூஸ்' என்கிற தனிப் பயனர் பேரில் தான் எல்லாம் ஓடணும், ரூட்டில் ஓடினா இன்டிக்குப் பிடிக்காது. ஆனா 119ம் கதவைத் திறக்க ரூட் உரிமை வேணும். அதுக்கு இன்பைண்ட் என்று ஒரு குட்டி எடுபிடி. அது போய்க் கதவைத் திறந்து கொடுத்துட்டு ஒதுங்கிடும். இன்.கான்ஃபில் நம்ம பொட்டி பேரைச் சொல்லணும், பாத் வரியில் வரப் போற பேர் அதுதான். இன்கமிங்.கான்ஃபில் யார்கிட்ட இருந்து வாங்கலாம், நியூஸ்ஃபீட்ஸில் யாருக்குக் கொடுக்கலாம், ரீடர்ஸ்.கான்ஃபில் யார் வந்து படிக்கலாம். ரீடர்ஸ்.கான்ஃப் மட்டும் கொஞ்சம் தகராறு பிடிச்சது. நீ யாருன்னு கேட்கிற பகுதி தனி, உனக்கு என்ன அனுமதி என்கிற பகுதி தனி. முதல் பகுதி மட்டும் இருந்தா பொட்டி உங்களை வாசல்ல நிறுத்தி நல்லா விசாரிச்சுட்டு ஒண்ணும் தராம அனுப்பிடும்.

எல்லாம் முடிஞ்சு டெல்நெட்டில் 119ஐத் தட்டினதும் '200' என்று ஆரம்பிச்சு ஒரு வரி வரும். எழுதலாம்னு அர்த்தம். 'சிடிஎல்இன்டி' கட்டளையில் ஒரு சோதனைக் குழுமம் உண்டாக்கினேன். பெருமுக்கல்னு தமிழிலேயே பேர் வைக்கலாம்னா முடியாது. 2009ல் வந்த புது விதிமுறை 5536 கூட குழுமப் பேருக்கு ஆங்கில எழுத்தும் எண்ணும் சில குறிகளும் மட்டும் தான்னு சொல்லுது. வரைவுக் காலத்தில் யூடிஎஃப்-8 பேர்கள் பேச்சில் இருந்து, பிறகு விட்டுட்டாங்க. உள்ளே எழுதறது என்னவோ தமிழில் ஜோரா வருது. தண்டர்பேர்டில் திறந்தால் ஒரு எழுத்து கூடச் சிதையலை. ஊர் பேர் மட்டும் இன்னும் வெள்ளைக்காரன் எழுத்தில் தான், அயர் கூட் காலம் மாதிரியே.

இதில் நான் ரொம்ப நேரம் உட்கார்ந்து பார்த்தது எக்ஸ்பயர் கோப்பு. ஒவ்வொரு குழுமத்துக்கும் கடிதம் எத்தனை நாள் இருக்கணும்னு ஒரு வரி. குறைஞ்சபட்சம், வழக்கம், அதிகபட்சம்னு மூணு எண். ராத்திரி நியூஸ்.டெய்லி ஓடும், நாள் முடிஞ்சதை அழிக்கும், காலையில் இத்தனை அழிச்சேன்னு நிர்வாகிக்குக் கணக்கு அனுப்பும். கடிதத்தை அழிச்சாலும் அதன் மெசேஜ்-ஐடியை மட்டும் ஹிஸ்டரியில் இன்னும் பத்துப் பதினோரு நாள் வச்சிருக்கும். இல்லைன்னா பக்கத்துப் பொட்டி அதே கடிதத்தை மறுபடி நீட்டும், இதுவும் புதுசுன்னு நினைச்சு வாங்கிடும். பத்து நாளுக்கு மேல் பழசான கடிதத்தை வாசலிலேயே திருப்பி அனுப்புற இன்னொரு அமைப்பு வேற. ரெண்டும் சேர்ந்து தான் வேலை செய்யும். இன்னொரு வகைச் சேமிப்பில், பேர் சிஎன்எஃப்எஸ், அழிக்கிற வேலையே கிடையாது. வட்டமா ஒரு பெரிய கோப்பு, நிரம்பினதும் முதலில் இருந்து மேலேயே எழுதும்.

பழைய முறையில் ஒரு கடிதம் ஒரு கோப்பு, குழுமம் ஒரு அடைவு. லட்சக்கணக்கில் பொடிக் கோப்புகள். வட்டில் இடம் இருக்கும், ஆனா ஐநோடு தீர்ந்துபோய்ப் பொட்டி படுத்துடும். 1996 கடைசியில் முழு யூஸ்நெட் ஒரு நாளைக்கு சுமார் 4.5 ஜிபி ஆயிடுச்சு. அப்போ எந்தக் கல்லூரி அதைத் தாங்கும்? முதலில் நாள் எண்ணிக்கையைக் குறைப்பாங்க. சாக் கிளைக்கு ஏழு நாள், அப்புறம் மூணு நாள். பொட்டியைப் பார்த்துக்கிட்ட ஆளுக்கு அது வட்டு இடப் பிரச்சினை. ஆனா அந்தக் குழுமத்தில் யாரோ ரெண்டு ராத்திரி உட்கார்ந்து ரோமன் எழுத்தில் தட்டின தமிழ் இலக்கண விளக்கம் மூணாம் நாள் ராத்திரி நியூஸ்.டெய்லியில் போயிடும். மழைக்காலம் வந்தா உப்புப் பாத்தி கரைஞ்சு போற மாதிரி, யாரையும் கேட்காம.

எரிதத்தையும் சொல்லணும். 1994 ஏப்ரல் 12ந்தேதி அரிசோனாவில் கேன்டர், சீகல் என்ற வக்கீல் தம்பதி கிரீன் கார்டு லாட்டரிக்கு விண்ணப்பம் போட்டுத் தர்றோம்னு ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குழுமங்களில் விளம்பரம் போட்டாங்க. ஒரே கடிதத்தைப் பல குழுமங்களுக்குச் சேர்த்து அனுப்பற வசதி யூஸ்நெட்டில் உண்டு, அப்படிச் செஞ்சா ஒரே மெசேஜ்-ஐடி, ஒரு தடவை படிச்சா மத்த இடத்தில் தெரியாது. இவங்க ஒவ்வொண்ணையும் தனித்தனிக் கடிதமா அனுப்பினாங்க. நான் மேலே சிலாகிச்ச அந்த ரெண்டு விதியும் இதைத் தடுக்க முடியாம வேடிக்கை பார்த்தது. 1993 செப்டம்பரில் தொடங்கி ஏஓஎல் மாதிரி கம்பெனிகளோட வாடிக்கையாளர்கள் வந்து குவிஞ்சதை 'முடியாத செப்டம்பர்'னு பழைய ஆளுங்க புலம்புவாங்க. எனக்கு அந்தப் புலம்பலில் பெரிய உடன்பாடு இல்லை. பல்கலைக்கழகக் கணக்கு இல்லாதவன் உள்ளே வந்தா ஊரே கெட்டுச்சுன்னு சொல்ற குரல் நமக்குப் புதுசா என்ன.

ஆனா மிச்சம் இருக்கிறது கொஞ்சமாவது மிச்சம் இருக்கக் காரணம் அந்த விலங்கியல் துறை. ஹென்றி ஸ்பென்சர் 1981லேயே, அழியப் போற கடிதங்களை டேப்பில் எழுதி வைக்க ஆரம்பிச்சார். பத்து வருஷம், 141 டேப். பின்னாடி மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் சிலர் மெனக்கெட்டு அதையெல்லாம் படிச்சு வட்டுக்கு மாத்தினாங்க. 1995ல் இருந்து டெஜாநியூஸ் என்ற கம்பெனி சேமிச்சதை கூகுள் 2001 பிப்ரவரியில் வாங்கினது. ஸ்பென்சரோட டேப்புகளையும் சேர்த்து அந்த வருஷ டிசம்பரில் இருபது வருஷத் தொகுப்பா வெளியிட்டது. 1991க்கும் 1995க்கும் நடுவில் உள்ள வருஷங்களுக்கு வேற சிலர் வச்சிருந்த பிரதிகள் உதவினது. நம்ம தமிழ்க் குழுமத்துக்கு அந்த நாலு வருஷம் தான் ரொம்ப முக்கியம்.

அந்தத் தொகுப்பில் இருக்கிற ரோமன் தமிழை இன்னிக்கும் படிச்சுடலாம். சிக்கல் எழுத்துருவில் எழுதினதில் தான். எந்த எழுத்துருன்னு கடிதத் தலையில் இருக்காது. அந்தக் கோப்பு கிடைச்சா தான் அது தமிழ், இல்லைன்னா வெறும் குறிகளோட கூட்டம். கூகுள் தேடல் அதைத் தமிழ்னே அடையாளம் காணாது.

யூஸ்நெட் பிறந்த டியூக் பல்கலைக்கழகம் தன் செய்தி சர்வரை 2010 மே 20ல் நிறுத்தினது. கூகுள் குழுமங்கள் 2024 பிப்ரவரி 22ல் இருந்து புதுக் கடிதம் வாங்கறதையும் அனுப்பறதையும் நிறுத்திடுச்சு, பழசை மட்டும் படிக்கலாம். நமக்கு ரொம்ப நெருக்கமான இன்னொரு தேதி: யாஹூ குழுமங்களில் இருந்த எழுத்தையெல்லாம் 2019 டிசம்பரில் அழிக்க ஆரம்பிச்சு, 2020 டிசம்பரில் கடையையே மூடினாங்க. ஒரே கம்பெனி, ஒரே பிரதி. மூணு நாளில் அழிக்கிற எக்ஸ்பயர் கோப்போட கொடுமையை மேலே சொன்னேன். ஆனா அந்த அழிப்பு ஒரு பொட்டியில் மட்டும் தான் நடக்கும், அதே கடிதம் டொரோண்டோவில் ஒரு டேப்பில் ஏறியிருக்கும். யாஹூவில் அப்படி ஒரு டொரோண்டோவே இல்லை. உறுப்பினர்களில் யாராவது தன் மெயில் பெட்டியில் எல்லாக் கடிதத்தையும் விட்டு வச்சிருந்தா உண்டு. தேன்கூடு போனப்போ நாம பார்த்தது தானே. நம்ம பிளாகர் பதிவுகளுக்கும் இதே ஒரு பிரதி நிலைமை தான்.

அதனால ஒரு வேண்டுகோள். 90களில் வெளிநாட்டில் படிச்சவங்க, இல்ல அவங்க அண்ணன், மாமா, சித்தப்பா யாராவது இதைப் படிச்சா: பரணில் பழைய ஃபிளாப்பி, டேப், 'நியூஸ்'னு பேர் போட்ட அடைவு, ஆதமி, மதுரை, மயிலை எழுத்துருக் கோப்பு எதுவா இருந்தாலும் தூக்கிப் போட்டுடாதீங்க. ஃபிளாப்பியை இன்னும் படிக்கிற பொட்டி ஒண்ணு பெருமுக்கல்ல இருக்கு.

டிஸ்கி: டெபியனில் போட ஆசைப்படறவங்களுக்கு, பொதியின் பேர் இன்2. வெறும் இன்னைப் போட்டுட்டு ரீடர்ஸ்.கான்ஃப் காணோம்னு தேடாதீங்க, அந்தப் பழைய பதிப்பில் அந்தக் கோப்பே கிடையாது. கடிதம் படிக்க மட்டும் போதும்னா இடர்னல்-செப்டம்பர்னு ஒரு இலவச சர்வர் இன்னும் ஓடிக்கிட்டிருக்கு. பேர் எங்கேயிருந்து வந்ததுன்னு மேலேயே சொல்லிட்டேன்.